ஃபார்மட் பண்ணட்டுமா, தம்பி?

மத்தியானம் மூன்று மணிக்கு மீட்டிங் முடிந்து ஃபோனை எடுத்தபோது தி.நகர் அக்காவிடமிருந்து நான்கு மிஸ்டு கால். கூடவே வாட்ஸப்பில் ஒரு போட்டோ, லேப்டாப் திரையைச் சாய்வாகப் பிடித்து எடுத்தது. எஃப் டிரைவைப் பயன்படுத்த வேண்டுமென்றால் முதலில் அதை ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா என்று அந்தத் திரை ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. கீழே, "இப்படிக் கேக்குது. ஃபார்மட் பண்ணட்டுமா, தம்பி?" அது 12.41க்கு வந்தது. அதற்கும் கீழே 1.10க்கு, "நீ பிஸி போல. பண்ணிட்டேன். இப்ப ஓப்பன் ஆகுதுப்பா." பக்கத்தில் ஒரு ரோஜாப்பூ.

அந்த டிரைவில் இருந்தது அம்மாவின் குரல். 146 கேசட், இரண்டு பக்கமும் சேர்த்து 292 ஃபைல். வேறு பிரதி கிடையாது.

அம்மா மந்தைவெளியில் முப்பது வருடம் பாட்டு சொல்லிக்கொடுத்தாள். மேடைப் பாடகி இல்லை. சபா பக்கம் ரசிகையாகப் போனதோடு சரி. சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரு பேட்ச், ஆறரைக்கு ஒரு பேட்ச். சுருதிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு டேப் ரெக்கார்டர் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப்போக ஒரு கேசட், தனக்கு ஒன்று. தனக்கென்று வைத்துக்கொண்டதில் பாடத்தோடு பாடமாக அவளே மெட்டுப் போட்ட ஒன்பது பாட்டும் இருந்தன. எதற்கும் ஸ்வரக் குறிப்பு எழுதி வைக்கவில்லை. "எழுதினா எழுதினபடிதான் பாடுவாங்க" என்பாள். தி.நகர் அக்கா அவளுடைய முதல் மாணவிகளில் ஒருத்தர். எனக்கு உறவில்லை. 1991ல் பதினோரு வயதில் உஸ்மான் ரோட்டிலிருந்து பஸ் பிடித்து வந்த பெண். இன்று அவரே முப்பது பிள்ளைகளுக்கு டீச்சர். அம்மா 2021 மே மாதம் போய்விட்டாள். 2023 நவம்பரில் அக்கா ஒருநாள் கூப்பிட்டு, "டீச்சரோட அந்த ஒன்பது பாட்டை என் பசங்களைப் பாட வைக்கலாம்னு இருக்கேன். டேப் இருக்குல்ல?" என்றார். டேப் இல்லைக்கா, டிரைவ்ல இருக்கு என்று சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்க் கொடுத்துவிட்டு, அவர் போட்ட வாழைக்காய் பஜ்ஜியைத் தின்றுவிட்டு வந்தேன். "சொருகினா வந்துடும்க்கா" என்றேன். அந்த இரண்டு வார்த்தைதான் நான் கொடுத்த பயிற்சி.

சொருகினால் வராது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் அந்த டிரைவை எக்ஸ்ட்4 முறையில் ஃபார்மட் செய்தவன் நான். எக்ஸ்ட்4 லினக்ஸின் சொந்த முறை. விண்டோஸ் தானாக அதைப் படிக்காது, மேக்கும் படிக்காது.

2017ல் ரிச்சி ஸ்ட்ரீட்டில் 4 டெராபைட் டிரைவ் ஒன்றும், செகண்ட் ஹாண்டில் ஒரு கேசட் டெக்கும் வாங்கி, வாரக்கடைசிகளில் உட்கார்ந்து மாற்ற ஆரம்பித்தேன். முதல் கேள்வியே எந்த ஃபார்மட் என்பதுதான். வீட்டில் மூன்று கட்சி. நான் லினக்ஸ். நியூ ஜெர்சியில் இருக்கும் என் சொந்த அக்கா மேக். மற்ற உலகம் முழுக்க விண்டோஸ். எல்லோருக்கும் பொதுவான கிழட்டு ஃபேட்32 இருக்கிறதே என்றால், அதில் ஒரு ஃபைல் 4 ஜி.பி.யைத் தாண்டக் கூடாது. அக்கா கல்யாணத்தின் மினிடிவி டேப் ஒரு மணி நேரத்துக்கு 13 ஜி.பி. தின்றது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் போட்டால் மேக் வாசிக்கும், ஆனால் தானாக அதில் ஒரு எழுத்துகூட எழுதாது. மேக்கின் ஃபார்மட்டை விண்டோஸ் கண்டுகொள்ளாது. மிஞ்சியது எக்ஸ்ஃபேட். மைக்ரோசாஃப்ட் 2006ல் கொண்டுவந்தது. பெரிய ஃபைல்களைத் தாங்கும், மேக் 2010லிருந்தே படிக்கும், எழுதும். லினக்ஸோடு மட்டும் அப்போது சேராது. காப்புரிமைச் சிக்கல். தனியாக ஒரு பேக்கேஜ் போட்டு ஓட்ட வேண்டும். மைக்ரோசாஃப்ட் 2019 ஆகஸ்டில் அதன் முழு விவரத்தையும் பொதுவில் வெளியிட்டது. அதே வருடம் நவம்பரில் லினக்ஸ் 5.4 வந்தபோது எக்ஸ்ஃபேட் உள்ளேயே சேர்ந்துவிட்டது.

என் தரப்பு வக்கீல் இதைத்தான் சொல்வார். 2017ல் என் கட்சிக்காரருக்கு வேறு வழி இல்லை, கனம் கோர்ட்டார் அவர்களே. எதிர்த்தரப்பு கேட்கும்: சரி, 2019லிருந்து 2023 வரை?

உண்மை என்னவென்றால் எனக்கு எக்ஸ்ட்4 பெருமையாக இருந்தது. இன்ஜினியரிங் இரண்டாம் வருடத்தில் லினக்ஸுக்கு மாறியவன். லேப்டாப் மூடியில் பென்குயின் ஸ்டிக்கர். யாராவது விண்டோஸில் வைரஸ் என்று புலம்பினால் உதட்டோரம் ஒரு சிரிப்பு வரும். பரம்பரைச் சொத்தை என் பாஷையில் பத்திரம் எழுதி வைத்துக்கொண்டேன். அக்கா இரண்டு முறை கேட்டாள், "எனக்கு ஒரு காப்பி போட்டு அனுப்பேன்டா." 41 ஃபைலை ஜிப் பண்ணி அனுப்பிவிட்டு, மீதியை அடுத்த முறை வரும்போது தருகிறேன் என்றேன். கேசட்டுகளையாவது வைத்திருந்தேனா என்றால் அதுவும் இல்லை. மந்தைவெளி வீட்டைக் காலி செய்து அடையாருக்கு வந்தபோது பூஞ்சை பிடித்தவை, நல்லவை எல்லாவற்றையும் மூன்று சாக்கில் கட்டிக் காயலான் கடையில் போட்டேன். டிஜிட்டல் பண்ணியாச்சே!

இதில் ஒரு சின்னச் சோம்பேறித்தனமும் உண்டு. டிரைவில் ஏற்கெனவே இருந்த பார்ட்டிஷனின் மேலேயே எக்ஸ்ட்4 போட்டேன். வாசல் பலகையில் இது விண்டோஸ் வீடு என்று எழுதியிருந்ததை மாற்றவில்லை. பலகையையும் மாற்றியிருந்தால் விண்டோஸ் அதற்கு ஒரு டிரைவ் எழுத்துகூடக் கொடுக்காமல் சும்மா இருந்திருக்கும். பலகையைப் பார்த்து உள்ளே வந்தது. உள்ளே இருப்பது புரியவில்லை. புரியவில்லை என்று அது சொல்லவில்லை. ஃபார்மட் பண்ணட்டுமா என்று கேட்டது.

இன்றைக்கும் என்னை உறுத்துவது இந்த இடம்தான். தெரியாத பாஷையில் ஒரு கடிதம் வந்தால் நாம் பக்கத்து வீட்டில் கேட்போம். கிழித்துப் போட்டுவிட்டு வெள்ளைத்தாள் தரட்டுமா என்று யாரும் கேட்பதில்லை. மேக் கொஞ்சம் நாசூக்கு. இந்த டிஸ்கைப் படிக்க முடியவில்லை என்று ஒப்புக்கொள்ளும். ஆனால் அது காட்டும் பொத்தான்களிலும் 'இனிஷியலைஸ்' என்று ஒன்று உண்டு. அதன் வழியே போனாலும் கடைசியில் அழிப்பதில்தான் முடியும்.

அன்று சாயங்காலமே போய் டிரைவை வாங்கிக்கொண்டேன். "ஏம்பா, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றார். ஒன்றுமில்லைக்கா என்றேன். நல்லா ஓப்பன் ஆகுதே என்ற சந்தோஷத்தில் அவருடைய ஜூம் வகுப்பு ரெக்கார்டிங் ஒரு 60 ஜி.பி. அதில் ஏற்றி வைத்திருந்தார். வரும் வழியில் அவர்மேல் பயங்கரக் கோபம். படித்தவர்தானே, கேட்டுவிட்டுச் செய்யக் கூடாதா? கேட்டார். நான்கு தடவை கூப்பிட்டார்.

உ.வே.சா. ஏடு தேடி கரிவலம்வந்தநல்லூர் போனதை எழுதியிருக்கிறார். கோயிலில் இருந்த பழைய ஏடுகளைப் பற்றிக் கேட்டால், சிதைந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட வேண்டும் என்று ஆகமம் சொல்கிறது, அப்படியே செய்தாயிற்று என்று பதில் வந்ததாம். பள்ளிக்கூடத்தில் இதைப் படித்தபோது அந்த மனிதர்கள்மேல் எனக்கு ஆத்திரம் வந்தது. இப்போது அவ்வளவு வருவதில்லை. அவர்கள் முன்னால் இருந்த விதி அதைத்தான் சொன்னது. ஏட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான். அன்றைக்கு அந்த ஒருவர் நான். ஃபோனை சைலண்ட்டில் போட்டுவிட்டு மீட்டிங்கில் இருந்தேன்.

அடையாரில் டேட்டா ரெக்கவரி செய்யும் ஒரு கடையில் காட்டினேன். 22,000 ரூபாய் ஆகும், கியாரண்டி கிடையாது என்றார்கள். நியாயமான பதில்தான். கடைப் பையன் ஒரு நல்ல விஷயம் சொன்னான். "சார், க்விக் ஃபார்மட்தான். ஃபுல் ஃபார்மட் போட்டிருந்தா பூரா வழிச்சிருக்கும். இனிமே இதுல ஒரு பைட்கூட எழுதாதீங்க."

க்விக் ஃபார்மட் என்றால் என்ன என்று என் சொந்த அக்காவுக்கு ஃபோனில் விளக்க வேண்டியிருந்தது. தி.நகரை வைத்துச் சொன்னேன். மாம்பலத்தில் ஒரு பெரிய ஏரி இருந்தது. லாங் டேங்க் என்று வெள்ளைக்காரன் வரைபடத்தில் இருக்கும். 1920களில் ஜஸ்டிஸ் கட்சி ஆட்சியில் அதை வடித்து, மனை பிரித்து, நடுவில் ஒரு பூங்கா வைத்து, தியாகராயர் பெயரில் ஒரு நகர் போட்டார்கள். தெருக்களுக்குப் புதுப் பெயர். உஸ்மான், நாயர், பனகல் எல்லாம் அந்தக் கட்சிக்காரர்கள். பட்டாவில் ஏரி போய்விட்டது. ஆனால் பள்ளம் பள்ளமாகவேதான் இருக்கிறது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று இன்றும் ஒரு தெரு இருக்கிறது. வியூவுக்கு லேக்தான் கிடையாது. 2015லும் 2021லும் தண்ணீர் வந்து நின்றபோது அது எந்தத் தெருப் பெயரையும் படிக்கவில்லை. க்விக் ஃபார்மட் இந்த மாதிரி. மனைப்பட்டியலை மட்டும் புதிதாக எழுதும், தரையைத் தோண்டாது. பழைய ஃபைல்கள் கீழே அப்படியே கிடக்கும், மேலே யாராவது வீடு கட்டும்வரை. தி.நகர் அக்கா 60 ஜி.பி.க்குக் கட்டிவிட்டிருந்தார்.

"அப்போ அம்மா அடியில இருக்காளா?" என்றாள் அக்கா. நான் பதில் சொல்லவில்லை.

முதல் வேலை, டிரைவை அப்படியே இன்னொரு புது டிரைவுக்கு அச்சு அசலாக நகல் எடுப்பது. ஃபைல் ஃபைலாக இல்லை, முதல் செக்டரிலிருந்து கடைசி செக்டர்வரை. விநாடிக்கு 120 எம்.பி. வேகத்தில் போனாலும் 4 டெராபைட்டுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். டிசம்பர் 3ஆம் தேதி ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தேன். மறுநாள் மிக்ஜாம். விடிகாலையில் கரண்ட் போனது. எங்கள் தெருவுக்குத் திரும்பி வர மூன்று நாள். இரண்டு டிரைவையும் டவலில் சுற்றி, பால் கவர் இரண்டில் போட்டு ரப்பர் பேண்ட் மாட்டி, பரணில் பித்தளைக் குடத்துக்குள் வைத்தேன். ராத்திரி இரண்டு தடவை ஸ்டூல் போட்டு ஏறி டார்ச் அடித்துப் பார்த்தேன். பரண்வரைக்கும் தண்ணீர் வரும் வீடு இல்லை, இரண்டாவது மாடி. இருந்தாலும்.

கரண்ட் வந்தபின் விட்ட இடத்திலிருந்து நகல் முடிந்தது. பழைய பெயர்ப்பட்டியலை மீட்கப் பார்த்தேன். அது பெரும்பாலும் ஜூம் வகுப்புகளுக்கு அடியில் போயிருந்தது. கடைசியில் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை நகலின் மேல் ஓட்டினேன். அது பெயர்களைப் பற்றிக் கவலைப்படாது. ஒவ்வொரு ஃபைல் வகைக்கும் தொடக்கத்தில் ஒரு கையெழுத்து இருக்கும். அதை வைத்துக்கொண்டு டிரைவின் தரையைத் தடவிக்கொண்டே போய், இங்கே ஒரு ஒலிக்கோப்பு தொடங்குகிறது என்று எடுத்து வைக்கும். பெயருக்கு எஃப் என்ற எழுத்தும் ஒரு நீள எண்ணும். இரண்டு நாள் ஓடியது. 292ல் 263 கிடைத்தது. சிலது பாதியில் அறுந்து.

263 ஃபைல், எல்லாம் எண். நான் ஆறு வருடத்துக்கு முன் ஒவ்வொன்றுக்கும் தேதி, ராகம், எந்தப் பிள்ளைகள் என்று பெயர் வைத்திருந்தேன். அதெல்லாம் போயிற்று. எது என்ன என்று தெரிய வேண்டுமானால் ஒரே வழிதான், ஒவ்வொன்றாகக் கேட்பது. ஏறக்குறைய 130 மணி நேரம்.

அம்மா போனபிறகு நான் அவள் குரலைக் கேட்டதே இல்லை. ஒருமுறை கூட. எல்லாம் பத்திரமாக இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம் என்று இருந்தேன். பத்திரமாக இருந்ததால்தான் கேட்கவில்லையோ என்னவோ.

முதல் ஃபைலைத் திறந்தபோது பாட்டு இல்லை. சுருதிப் பெட்டி, ஃபேன், வெளியே பால்காரர் மணி. பிறகு அவள் குரல்: "டேய், அடுப்பை அணைச்சியா?" அடுப்பை அணைக்க வேண்டியவன் நான். தூரத்திலிருந்து கீச்சுக்குரலில் "அணைச்சிட்டேம்மா" என்று பொய் சொல்கிறேன். எனக்கு நன்றாகத் தெரியும், பொய்தான். நான் லேப்டாப்பை மூடிவிட்டு எலியட்ஸ் பீச்வரை நடந்துவிட்டு வந்தேன்.

தனியாக முடியாது என்று தெரிந்தபிறகு மூன்று பேராகப் பிரித்துக்கொண்டோம். தி.நகர் அக்காவிடம் நடந்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. "நான் அழிச்சிட்டேனா?" என்றார். "இல்லக்கா, நான்தான்" என்றேன். "சும்மா சொல்லாத" என்றார். மறுநாளிலிருந்து தினம் காலை ஐந்து மணிக்கு எழுந்து மூன்று ஃபைல் கேட்டு எழுதி அனுப்ப ஆரம்பித்தார். எனக்கு ராகம் தெரியும், அவ்வளவுதான். அவருக்கு இருமலைக் கேட்டால் எந்த வருட பேட்ச் என்று தெரிகிறது. "இது 94. அந்த நிஷாதத்துல வழுக்குறது யாருன்னு எனக்குத் தெரியும்." ஒரு நாள் எழுதவில்லை, ஃபோன் செய்தார். "இதுல நான் இருக்கேன். டீச்சர் என்னைத் திட்டுறாங்க. அன்னைக்குப் பஸ்ல அழுதுட்டே போனேன். இப்பக் கேட்டா... டீச்சர் சொன்னது சரிதான்பா." சிரித்தாரா அழுதாரா என்று தெரியவில்லை. ஒன்பது பாட்டில் ஏழு கிடைத்தது.

பெயர் வைக்கும் வேலையில் தமிழுக்கென்றே சில கூத்துகள் காத்திருந்தன. என் லேப்டாப் எக்ஸ்ட்4. அதில் ஒரு ஃபைல் பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் க-வுக்கு மூன்று, கொ என்றால் ஆறு. ராகம், தாளம், வருடம், நான்கு பிள்ளைகளின் பெயர் என்று அக்கா அனுப்புவதை அப்படியே போட்டால் பெயர் நீளம் அதிகம் என்று திருப்பி அனுப்பியது. எக்ஸ்ஃபேட்டில் கணக்கு வேறு, பைட்டை எண்ணாது. அங்கே இதே பெயர் தாராளமாக நிற்கும்.

இன்னொரு நாள் நியூ ஜெர்சி ஜிப்பைப் பிரித்து இதில் சேர்த்தபோது, ஒரே பெயரில் இரண்டு ஃபைல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. ஒரே கோப்புறையில் ஒரே பெயர் இரண்டு இருக்க முடியாது. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டபின் பிடிபட்டது. யூனிகோடில் கொ-வின் கொம்பையும் காலையும் ஒரே குறியாக எழுதலாம், கொம்பு தனி கால் தனி என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். அக்காவின் பழைய மேக் பெயர்களைப் பிரித்து வைக்கும் பழக்கம் உள்ளது. என்னுடையது சேர்த்தே எழுதியது. திரையில் இரண்டும் கொ. மெஷினுக்கு இரண்டும் வேறு. இரண்டிலும் அம்மா அதே பாட்டைத்தான் பாடுகிறாள்.

பொங்கல் முடிந்து புதிதாக மூன்று டிரைவ் வாங்கினேன், வீட்டுக்கு ஒன்று. 4 டெராபைட் என்று போட்டுவிட்டு விண்டோஸில் 3.63 காட்டுகிறதே, கடைக்காரன் ஏமாற்றிவிட்டானா என்று தி.நகர் அக்கா கேட்டார். இல்லை, கம்பெனிக்காரர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது, மேக்கில் சொருகினால் முழு நான்கும் தெரியும் என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. பார்ட்டிஷன் அட்டவணை ஜிபிடி. பழைய எம்பிஆர் போட்டால் இரண்டு டெராபைட் சொச்சத்துக்கு மேல் கண் தெரியாது. அதன்மேல் எக்ஸ்ஃபேட். எக்ஸ்ஃபேட்டும் ஒன்றும் சொக்கத்தங்கம் இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் விட்ட இடத்தைச் சரிசெய்துகொள்ள என்டிஎஃப்எஸ், எக்ஸ்ட்4 மாதிரி அதற்கு நாட்குறிப்பு கிடையாது. ஆகவே ஒழுங்காக எஜெக்ட் கொடுக்காமல் வயரைத் தொடக் கூடாது என்று மூன்று டிரைவிலும் தமிழில் லேபிள் ஒட்டினேன். இன்னொரு லேபிளும் ஒட்டினேன்: "ஃபார்மட் பண்ணட்டுமான்னு கேட்டா வேண்டாம்னு சொல்லுங்க." புது டிரைவில் ஒன்றுமே இல்லை. இருந்தும் எல்லாத் தகவலும் அழிக்கப்படும் என்று திரை சொன்னபோது கை கொஞ்ச நேரம் நின்றது.

இன்னும் பெயர் தெரியாமல் பதினொரு ஃபைல் இருந்தன. பத்தைப் 'பல' என்று ஒரு கோப்புறையில் போட்டாயிற்று. பதினொன்றாவதில் குரலே இல்லை. அரை மணி நேரம் சுருதிப் பெட்டி மட்டும். நடுவில் ஒருமுறை ஸ்டூல் நகரும் சத்தம், ஒரு பெருமூச்சு. அழித்துவிடலாமா என்று குரூப்பில் கேட்டேன். நியூ ஜெர்சியிலிருந்து உடனே பதில், "கைய வச்ச, கொன்னுடுவேன்." தி.நகர் அக்கா முழுசும் கேட்டுவிட்டுச் சாயங்காலம் எழுதினார். "அன்னைக்கு மழை போலிருக்கு. யாரும் வரல. டீச்சர் வெயிட் பண்ணிருக்காங்க. ஆறரை மணி க்ளாஸ்னு பேர் போடு."

6:30 க்ளாஸ் என்று அடித்தேன். முக்காற்புள்ளியை எக்ஸ்ஃபேட் ஏற்காது, திருப்பி அனுப்பியது. 6.30 என்று மாற்றி அடித்தேன்.